கெண்டைக்காலில் இரண்டு தையல்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகளுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் நீ அழத் தொடங்கியதும் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆறு கிழமையாக உன்னிடம் மறைத்தது என் பிழைதான், அம்மாவைக் கோபிக்காதே. "நெஞ்சில் வருத்தம் என்றால் காலை ஏன் வெட்டினார்கள்?" என்று கேட்டாயே, அதற்கு ஆறுதலாக எழுதுகிறேன்.

இருமல் விடாததால் எக்ஸ்ரே எடுத்தோம். இரு நுரையீரல்களின் வேர்ப்பகுதியிலும் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. இந்த ஊரில் அப்படியொரு படத்தைப் பார்த்ததும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது கசம், அதாவது காசநோய்தான். ஒரு தனியார் மருத்துவமனையில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஆறு மாதக் கசக் குளிசையைத் தொடங்கச் சொன்னார்கள். சளியில் கிருமி இல்லை, கசம் உண்டா என்று பார்க்கக் கையில் போட்ட மாண்டு ஊசியும் தடிக்கவில்லை. பிறகு எதற்குக் குளிசை என்று கேட்டேன். கேள்வி கேட்கும் நோயாளியை அங்கே பிடிக்கவில்லை.

அடுத்துப் பார்த்த வைத்தியர் நிதானமானவர். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டச் சொல்லிக் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். உள்ளே புளியங்கொட்டை அளவில் இரண்டு முடிச்சுகள். வாதம் என்று நினைத்து அம்மா மூன்று மாதமாக எண்ணெய் தேய்த்த அதே இடம்! உடலின் எதிர்ப்புக் கலங்கள் அங்கங்கே சிறு உருண்டைகளாகத் திரளும் சார்கொய்டோசிஸ் நோயாக இருக்கலாம், ஆனால் தசையில் துண்டு எடுத்துப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றார். அந்த நோய் பெரும்பாலும் நுரையீரலில்தான் தெரியும் என்றாலும், வலியே இல்லாத நோயாளிகளிலும் 100 பேரில் 50 பேருக்கு மேல் தசைக்குள் அதன் தடயம் இருக்குமாம். என் காலிலோ கைக்கே தட்டுப்பட்டது. நெஞ்சுக்குள் குழாய் விடுவதைவிட இது இலகு.

விறைக்க ஊசி போட்டு, அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்கள். நான் விழித்தபடிதான் கிடந்தேன். எடுத்த சதையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று போர்மலின் போத்தலில். உன் பள்ளி ஆய்வுகூடத்துத் தவளை நாற்றம். மற்றது வெறும் உப்புநீரில். ஏன் என்று கேட்டேன். போர்மலின் கிருமியைக் கொன்றுவிடும், கசக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க உயிருள்ள துண்டு வேண்டும் என்றார் தாதி. இரண்டு போத்தலிலும் என் பெயரைச் சரிபார்த்த பிறகுதான் கண்ணை மூடினேன்.

அறிக்கையில் கிரானுலோமா இருப்பதாக வந்தது. எதிர்ப்புக் கலங்கள் கூடித் திரண்ட சிறு உருண்டைகள் அவை. கசத்திலும் அவை உண்டு. ஆனால் அங்கே நடுப்பகுதி பாற்கட்டி போல் சிதைந்திருக்கும். என்னுடையதில் சிதைவு இல்லை, சாயமிட்டுத் தேடியும் கிருமி இல்லை. தசைத் துண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லாது, எக்ஸ்ரேயும் இரத்தமும் அதோடு பொருந்த வேண்டும் என்றார் வைத்தியர். பொருந்தின. கிருமி வளர்ப்பின் முடிவும் இந்தக் கிழமை வந்தது, ஒன்றும் வளரவில்லை. அதன் பிறகே பிரெட்னிசொலோன் தந்தார். அது உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து. உண்மையில் கசமாக இருந்து, இதை மட்டும் விழுங்கியிருந்தால், நெருப்பில் நெய் வார்த்த கதைதான். அந்த முதல் இடத்துக் குளிசையை விழுங்கியிருந்தாலோ, இல்லாத கசத்துக்கு ஆறு மாதம் ஈரலை வருத்தியிருப்பேன்.

தையல் பிரித்தாயிற்று. ஆட்டோ பிடிக்காமல் கடற்கரை வரை நடக்கிறேன்.

நீ அனுப்பிய கல்சியம், விற்றமின் டி குளிசைகளை அலமாரியில் பூட்டிவிட்டேன். இந்த நோயில் அந்த உருண்டைகளே விற்றமின் டியை முடுக்கி, இரத்தத்தில் கல்சியத்தை ஏற்றிவிடக்கூடுமாம். இனி அனுப்பாதே. சொக்லேட்டும் வேண்டாம், இந்த மருந்துக்குச் சீனி ஏறும். அம்மாவுக்கு மட்டும் அனுப்பு.

வியாழக்கிழமை கண் கிளினிக். இந்த நோய் கண்ணையும் தொடுமாம், சும்மா பார்த்துவைக்கிறார்கள். அன்று காலையில் தொலைபேசி எடுக்காதே, மாலையில் எடு.

அன்புடன்,
அப்பா