அந்த ஆக்சிலை இன்னும் மாட்டாதே

பள்ளத்தூர்
மார்கழி

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி மழையோடு வந்தது, மழையோடு போய்க்கொண்டிருக்கிறது. பொடிமட்டை வீட்டை விற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தானே, இப்போது இல்லையாம். வாங்க வந்தவர் முகப்புத் தூண்களுக்கு மட்டும் விலை பேசினாராம். இவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல கோபம். மற்றதைப் பொங்கலுக்கு நேரில் பேசிக்கொள்வோம். இப்போது உன் மெக்கானிக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

"முன் சக்கரங்களையும் இழுக்க வைக்கும் முன் ஆக்சில் மலிவாகக் கிடைத்துவிட்டது, பொங்கலுக்குள் பிக்கப் ஃபோர் வீல் ஆகிவிடும்" என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டுச் "சரி சரி" என்பாய். அழகப்பா பாலிடெக்னிக்கில் பட்டறை வாத்தியாரிடம் சொன்ன அதே "சரி சரி". அவர் உன் இரும்புக் கட்டையைத் திருப்பிக் கொடுத்து மறுபடி அரம் போடச் சொன்னது நினைவிருக்கிறதா? அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

முதலில் நல்ல செய்தி. அப்பச்சியின் பிக்கப்பை நானும் ஃபோர் வீலாக மாற்றிவிட்டேன்; இப்போது நான்கு சக்கரமும் இழுக்கின்றன. கார்த்திகை மழையில் தோப்பு எப்படிக் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். மேட்டுச் செம்மண் எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிடும்; கண்மாய் மடைக்குக் கீழே இருக்கும் களி அப்படி விடாது. வருடா வருடம் அங்கே பின் சக்கரம் சுழன்று குழி தோண்டும், டிராக்டரைக் கூப்பிட வேண்டும், டிராக்டர்காரர் வரும்போதே வாடகையை ஏற்றிச் சொல்வார். இந்த மழையில் முழுத் தேங்காய்ப் பாரத்தோடு லோ கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி தயங்கவில்லை, உறுமவும் இல்லை, நடந்து வெளியே வந்துவிட்டது. லோ கியரில் சக்கரத்துக்கு வரும் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்கு; அதை நான்கு சக்கரம் பங்கு போட்டுக்கொள்ளும்போது சேற்றுக்கு வேலையே இல்லை. அப்பச்சி பார்த்திருக்க வேண்டும் என்று நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. உன் ஆள் செய்யப்போகும் விதத்தில் செய்யாதே என்கிறேன்.

1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியதிலிருந்து மகிந்திரா வண்டிகளின் அடி எலும்பு வெகுகாலம் பெரிதாக மாறவில்லை. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், நடுவே சேஸ், கீழே ஆக்சில். ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாட்டலாம் என்ற தைரியம் நம் பட்டறைகளுக்கு வந்தது அதனால்தான். அந்தத் தைரியம் பாதி சரி. மாட்டிவிடலாம், போல்ட்டும் பொருந்தும். ஆனால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே பேச்சைப் பேச வேண்டும், அதைப் போல்ட் சொல்லாது.

உன் மெக்கானிக் வாங்கியிருப்பது முன் ஆக்சில் மட்டும். அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் எத்தனை பல், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் எத்தனை பல் என்று கேட்டாயா? பழைய ஜீப் வகைகளில் 43க்கு 8 உண்டு, அதாவது பினியன் 5.38 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 39க்கு 8 உண்டு, அது 4.88. முன்னால் 4.88, பின்னால் உன் வண்டியின் பழைய 5.38 என்று வைத்துக்கொள். பின் சக்கரம் 100 மீட்டர் உருளும் நேரத்தில் முன் சக்கரம் 110 மீட்டர் உருளப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். காய்ந்த தரையில் எங்கே வழுக்கும்? ஆக்சில்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டும் பிழியும் துணி போல முறுக்கிக்கொள்ளும். ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் உடையும், இல்லையென்றால் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸில் பல் போகும்.

விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் இந்த வகை வண்டியைத் தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடுகின்றன, பின் சக்கரங்கள் சின்ன வட்டம் போடுகின்றன, நடுவில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. முறுக்கிக்கொண்டால் ஃபோர் வீல் லீவர் வெளியே வராது. அடித்து இழுக்காமல் கொஞ்சம் பின்னால் எடு, தளர்ந்து தானே வரும்.

பல்லை எண்ண ஆக்சிலைப் பிரிக்க வேண்டியதில்லை. அது தரையில்தானே கிடக்கிறது? ஒரு முனையை அசையாமல் பிடிக்கச் சொல். மறு முனையை இரண்டு முழுச் சுற்றுச் சுற்று. பினியனில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அது எத்தனை சுற்று வருகிறது என்று பார். ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. ஐந்தைத் தாண்டி இன்னும் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஓடினால் 5.38. பின் ஆக்சிலுக்கும் இதுவே: ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கு, மற்றதற்குக் கட்டை வை, கியரை நியூட்ரலில் போடு, தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்று, ஷாஃப்டைப் பார். உன் பையனே செய்துவிடுவான்.

இன்னொன்று, இதைப் பலர் பார்ப்பதில்லை. பழைய ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸில் முன்னுக்கும் பின்னுக்கும் போகும் ஷாஃப்ட் இரண்டும் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் வெளியே வரும். கிரவுனும் பினியனும் இருக்கும் ஆக்சில் கூடும் அதே பக்கம் ஒதுங்கியிருக்கும். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் உன் டூ வீல் வண்டியில் பின் கூடு நடுவில் இருக்கிறது. அந்த டிரான்ஸ்பர் கேஸை வைத்தால் பின் ஷாஃப்ட் கோணலாக ஓட வேண்டி வரும். நான் கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், முன் ஆக்சில், பின் ஆக்சில் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்தது இதற்காகத்தான். மதுரையில் பழைய இரும்புக் கடைக்காரர் முன் ஆக்சிலை மட்டும் தனியாகத் தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னார். நான் அசையவில்லை. பணம் கூடப் போனது. ஆனால் பக்கமும் விகிதமும் அந்த ஒரு பிடிவாதத்தில் தீர்ந்துவிட்டன.

மாட்டும் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி முன் பட்டைதான். ஆக்சிலின் மேல் பட்டை உட்காரும் மேடையை எந்தக் கோணத்தில் வெல்டு வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஷாஃப்ட் நேராக ஓடட்டும் என்று பினியன் மூக்கை மேலே தூக்கினால் கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்துவிடும். கேஸ்டர் குறைந்தால் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, வேகத்தில் வண்டி அலையும். ஷாஃப்டுக்கு நல்லது ஸ்டியரிங்குக்குக் கெட்டது, ஸ்டியரிங்குக்கு நல்லது ஷாஃப்டுக்குக் கெட்டது. லேத் அண்ணனும் நானும் வெறும் புள்ளி வெல்டில் நிறுத்தி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பாரம் ஏற்றிப் பார்த்து, ஆப்புத் தகடு மாற்றி, மறுபடி அளந்து, அதற்குப் பிறகுதான் முழு வெல்டு வைத்தோம். அண்ணன் பேசவே இல்லை, டீயும் கேட்கவில்லை. அவர் டீ கேட்காமல் வேலை செய்தால் அந்த வேலை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஷாஃப்டை வெட்டிக் குறைக்கும்போது கிராஸைப் பிடிக்கும் இரண்டு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று நீயே கண்ணால் பார். மாறி நின்றால் வண்டி அதிரும். பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறும்போது முன் கூடு ஆயில் சம்ப்பில் இடிக்கிறதா என்று பார். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, சக்கரத்தைத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்.

இனி எழுதப்போவதைச் சிரிக்காமல் படி.

நீ அந்த வண்டியைத் தாண்டிக்குடி மலைப்பாதையில் ஓட்டுகிறாய். காப்பி பறிக்கும் பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவாய், வேண்டாமென்றாலும் அவர்கள் ஏறிக்கொள்வார்கள், நீ இறக்கிவிட மாட்டாய். ஒரு கொண்டை ஊசி வளைவில் முன் ஆக்சில் உன் பேச்சைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்து நேற்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வண்டி கவிழ்ந்தால் அதன் பிறகு காகிதத்தைக் கேட்பார்கள். காகிதத்தில் டூ வீல் என்று இருக்கும், கீழே குனிந்து பார்த்தால் ஃபோர் வீல் இருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ்காரர் இதைப் பிடித்துக்கொண்டு கையை விரித்தால் அந்தப் பெண்களின் வீட்டுக்கு நீ என்ன பதில் சொல்வாய்? "எல்லோரும் மாற்றியிருக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள்" என்று உன் மெக்கானிக் சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள்.

அதனால்தான் அப்பச்சியின் வண்டி இப்போது தோப்பு வேலியைத் தாண்டுவதில்லை. களியிலிருந்து தோப்பு வாசல் வரைக்கும் அதன் வேலை. வாசலில் குட்டி யானை நிற்கும். தேங்காய் அதில் மாறி ஏறிக் காரைக்குடிக்குப் போகும். இரண்டு முறை ஏற்றி இறக்குவது கூடுதல் கூலிதான், கொடுக்கிறேன். நான் உருவாக்கிய வண்டி அது. அதன் பெயரில் ஒரு கெட்ட செய்தி வரக் கூடாது.

உனக்கு அப்படி வசதி இல்லை. உன் எஸ்டேட்டுக்குப் போகவே ரோடு வேண்டும். ஆகையால் என் யோசனை இது: அந்த முன் ஆக்சிலைத் திருப்பிக் கொடு. ஃபேக்டரியிலேயே ஃபோர் வீலாக வந்து, அப்படியே பதிவாகி, ஓடி இளைத்துப்போன பழைய வண்டி ஒன்றைத் தேடுவோம். பிரித்துப் பூட்டும் ஆசை உனக்கு இருக்கிறது, அதை நான் கெடுக்கவில்லை; அந்த வண்டியை அடியிலிருந்து பிரிப்போம், லேத் அண்ணனையும் கூட்டி வருகிறேன். உன் பிக்கப்பை எஸ்டேட்டுக்கு உள்ளேயே வைத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் மாற்றும் பேச்சை மறுபடி எடுக்கலாம். அப்போதும் ஒரே வண்டியின் முழு ஜோடி வேண்டும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நடக்கிறாயா இல்லையா என்றும் எழுது. போன வருடம் போல நத்தத்தில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லாதே, அதற்குப் பெயர் பாதயாத்திரை இல்லை. ஆத்தா காப்பித் தூள் கேட்டார்கள், சிக்கரி கலக்காதது. முன் ஆக்சிலில் பினியன் எத்தனை சுற்று வந்தது, பின் ஆக்சிலில் எத்தனை என்று இரண்டு எண்களையும் உடனே அனுப்பு. அது வரும்வரை உன் ஆளை ஸ்பேனரைத் தொட விடாதே.

அன்புடன்,
உன் பங்காளி