சேஃப் சரி, சவுண்ட்?

அம்மாடி,

உன் செய்தி வந்தது. "சேஃப் அண்ட் சவுண்ட்ப்பா, கவலைப்படாதீங்க" என்று ஒரே வரி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "போன் பண்ணாம எதுக்கு எழுதறா?" என்றாள். வேலை அதிகமாக இருக்கும் என்றேன். உன் சார்பில் நான் எப்போதும் சொல்லும் பதில் அது. அவளும் எப்போதும் போல நம்பவில்லை.

சேஃப் சரி. கதவைப் பூட்டிக்கொள்வதிலும் நேரத்துக்கு வீடு திரும்புவதிலும் நீ கெட்டிக்காரி. அந்த சவுண்ட் என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். அகராதியை எடுத்தேன். எடுக்காமல் என்னால் இருக்க முடியாது என்று உனக்குத் தெரியும்.

ஒரே எழுத்துக்கூட்டலில் அங்கே நான்கு சொற்கள் இருக்கின்றன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒரே பெயரில் குடியிருப்பவை. நீ எழுதியது அதில் மிகப் பழைய குடி. பழைய ஆங்கிலத்தில் அதற்கு முன்னால் 'கெ' என்று ஒரு முன்னொட்டு இருந்தது. அது தேய்ந்து உதிர்ந்துபோக, மிச்சம் இருப்பதுதான் சவுண்ட். ஜெர்மன்காரர்கள் இன்னும் முழுசாக 'கெஸுண்ட்' என்கிறார்கள். யாராவது தும்மினால் 'கெஸுண்ட்ஹைட்' என்று வாழ்த்துகிறார்களே, அதே வேர். நோயில்லாமல், பழுதில்லாமல், உள்ளுக்குள் எதுவும் உளுத்துப் போகாமல் இருப்பது என்று பொருள். உயில் எழுதுகிறவர் 'சவுண்ட் மைண்ட்' உடன் எழுதுகிறேன் என்பது இந்தச் சொல்தான். தச்சர் மரத்தைப் பார்த்து 'சவுண்ட்' என்றால், மேலே பளபளப்பாக இருக்கிறது என்பதற்காகச் சொல்வதில்லை. உள்ளே செல் அரிக்கவில்லை என்று தெரிந்தால்தான் சொல்வார்.

தமிழில் 'அவன் நல்ல சவுண்ட் பார்ட்டி' என்கிறோமே, அதுவும் இந்த வழிதான். ஆரோக்கியம் என்ற பொருள் பணத்தோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் நீ சவுண்ட் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடனை நீ அடைத்த விதத்தை அண்ணன் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறான். மாதம் தவறாமல் பணம் வருகிறது. பணம் மட்டும் தவறாமல் வருகிறது.

'சவுண்ட் ஸ்லீப்' என்பதும் இந்தக் குடும்பத்துச் சொல்தான், ஓசைக்கும் அதற்கும் உறவில்லை. குறைவில்லாத தூக்கம். தூக்கம் எப்படி இருக்கிறதும்மா? கடைசியாக நீ பேசியபோது உன் நேரம் விடிகாலை மூன்று மணி என்று அண்ணன் பிறகு கணக்குப் போட்டுச் சொன்னான். அந்த நேரத்தில் நீ ஏன் விழித்திருந்தாய் என்று அம்மா கேட்டாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நேரத்துக்குத் தூங்கு. வேளைக்குச் சாப்பிடு.

எல்லோருக்கும் தெரிந்த சவுண்ட், அதாவது ஓசை, லத்தீன் மொழியின் 'சோனுஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சமஸ்கிருதத்தில் ஒலியைக் குறிக்கும் 'ஸ்வன' என்பதற்கும் அதற்கும் தூரத்து உறவு உண்டு. சொனாட்டா என்ற இசைவடிவம், சானெட் என்ற கவிதைவடிவம் எல்லாம் சோனுஸின் வாரிசுகள். இதில் ஒரு வேடிக்கை. கடைசியில் நிற்கும் அந்த 'ட்' பிறப்பிலேயே இருந்தது இல்லை. இடைக்கால ஆங்கிலத்தில் 'சூன்' என்றுதான் சொன்னார்கள். 'ன்' என்று முடிக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிறதல்லவா, அந்த இடத்தில் தானாகப் பிறந்த ஒலி அது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுத்திலும் ஏறிவிட்டது. இடியைக் குறிக்கும் 'தண்டர்' என்ற சொல்லுக்குள் 'ட' நுழைந்ததும் இப்படித்தான். ஜெர்மனில் அது இன்றும் 'டோனர்'தான். பேசுகிறவர்களின் வாய் எழுத்தையே மாற்றிவிடும் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். பேசினால்தானே அதுவும் நடக்கும். இந்த வீட்டில் சவுண்ட் என்றால் அது உன்னுடையதுதான். மாடியில் நின்று நீ கூப்பிட்டால் அம்மா 'மெதுவா பேசேன்டி' என்று கத்துவாள். இப்போது அதே அம்மா, உன் பழைய குரல் பதிவுகளைப் போட்டுக் கேட்கிறாள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இரு நிலங்களுக்கு நடுவே உள்ள கடல்வழிக்கும் சவுண்ட் என்று பெயர். ஸ்காண்டிநேவியர்களின் பழைய நோர்ஸ் மொழியில் 'சுந்த்' என்றால் நீச்சல். நீந்திக் கடக்கக்கூடிய நீர் என்ற எண்ணத்தில் வந்திருக்கலாம். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையே உள்ள ஓரெசுந்த் அப்படிப்பட்டது. 1429 முதல் 1857 வரை அந்த வழியாகப் போன கப்பல்களிடம் டென்மார்க் சுங்கம் வாங்கியது. 2000இல் அங்கே பாலம் திறந்தார்கள். நீச்சல் என்றதும் அண்ணனுக்குப் போட்டியாக நீ தண்ணீரில் குதித்தது நினைவுக்கு வந்தது. பயம் என்பதே உனக்குத் தெரியாது. அதனால்தான் போனில் கேட்ட அந்தக் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

நான்காவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆழம் அளப்பது. பிரெஞ்சின் 'சோந்தே' என்பதிலிருந்து வந்தது. பழைய கப்பல்களில் ஒருவர் ஓரமாக நின்று, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டைக் கடலுக்குள் வீசுவார். கயிற்றை 'பாகம்' என்ற அளவில் கணக்கிட்டு, குறிப்பிட்ட சில பாகங்களில் அடையாளம் வைத்திருப்பார்கள், ஒரு பாகம் ஆறு அடி. இரண்டாவது பாகத்திலும் மூன்றாவதிலும் தோல் பட்டை, ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்புத் துணி. இருட்டில் நிறம் தெரியாது என்பதால் தோலும் துணியும் விரலுக்கு வேறுவேறாகத் தெரியும்படி கட்டியிருப்பார்கள். மிஸிஸிப்பி ஆற்றுப் படகில் இரண்டு பாகம் ஆழத்தை 'மார்க் ட்வைன்' என்று கூவிச் சொல்வார்கள். அங்கே படகோட்டியாக இருந்த சாமுவேல் கிளெமென்ஸ் அதையே தன் புனைபெயராக வைத்துக்கொண்டார். 1875இல் சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் பசிபிக்கில் 4,475 பாகம் வரை கயிறு இறக்கியது. எட்டாயிரம் மீட்டருக்கும் மேல்.

குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் விலங்குக் கொழுப்பைத் திணித்து இறக்குவார்கள். மேலே இழுக்கும்போது அடித்தரையில் இருப்பது அதில் ஒட்டிக்கொண்டு வரும்: மணலா, சேறா, சிப்பியா என்று. எவ்வளவு ஆழம் என்பதோடு, அடியில் என்ன கிடக்கிறது என்பதும் தெரிந்தால்தான் நங்கூரம் போட முடியும்.

கேரளத்துத் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று ஏவினார்களே, நம் விண்வெளி ஆய்வின் அந்த முதல் ராக்கெட்டை 'சவுண்டிங் ராக்கெட்' என்பார்கள். பெரிய சத்தம் போடுவதால் வந்த பெயர் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வானத்தின் ஆழம் பார்க்கப் போனது அது. அதற்கு வெகு முன்பே, 1913இல், அலெக்ஸாண்டர் பேம் என்ற ஜெர்மானியர் எதிரொலியை வைத்து ஆழம் அளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். அனுப்பிய ஒலி ஒரு வினாடியில் திரும்பி வந்தால் ஆழம் 750 மீட்டர். சவுண்டை அனுப்பி சவுண்ட் செய்வது! எந்த உறவும் இல்லாத இரண்டு சொற்கள் ஒரே கருவியில் வந்து சேர்ந்திருக்கின்றன. இதைப் படித்ததும் உடனே உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று கை போனை எடுத்தது. நீ எடுக்கவில்லை.

ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்று சுற்றிவளைத்து அறிவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். நாமும் 'ஆழம் பார்க்கிறான்' என்கிறோம். போன முறை பெரியத்தை அதைத்தான் செய்தாள். நீ எழுந்து போய்விட்டாய், அது சரிதான். அவள் கேட்ட விதத்தில் எனக்கும் கோபம் வந்தது. உன்னை அப்படி ஆழம் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அம்மாவையும் விடமாட்டேன். ஆனால் நீ எழுந்து போனதிலிருந்து எங்களோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டது நியாயமில்லை, அம்மாடி. கேட்டது அவள், தண்டனை எங்களுக்கா?

செய்தி எழுத வேண்டாம். பேசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் அண்ணனும் வெளியே போகிறார்கள். போன் என்னிடம்தான் இருக்கும். அந்தப் பையனைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன், அம்மாவிடம் என்ன சொல்வது என்பதையும் நீயே முடிவுசெய்யலாம். சொல்லப் பிடிக்காவிட்டால் சவுண்டுக்கு ஐந்தாவது பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பேசிக்கொண்டிருப்போம். உன் நேரம் ராத்திரி வெகுநேரம் ஆகிவிடும் என்றால் சனிக்கிழமையே கூப்பிடு.

நேரத்துக்குத் தூங்கு. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா