பட்டாளத்தில் வாடகைக்கு இருந்தவர்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வடசென்னையில் ஓட்டேரி, பட்டாளம், பெரம்பூர் பக்கம் மக்களின் வருமானம் உயர்ந்துவிட்டதாக உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பட்டாளத்திலேயே பிறந்து வளர்ந்து, இங்கேயே தையல் தொழில் செய்கிறேன். என் கண்ணுக்குத் தெரிவது வேறு. இங்கே இருந்தவர்களின் சம்பளம் பெரிதாக ஏறவில்லை. அவர்களில் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள், வசதியானவர்கள் வந்திருக்கிறார்கள். சராசரி எடுத்தால் ஊர் முன்னேறியதுபோலத்தான் தெரியும்.

என் அப்பா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். பின்னி மில் என்பது பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு ஆலைகள். 1876இல் முதலாவதும், அப்புறம் மற்றதும் வந்த பிறகு தொழிலாளர்களால் நிரம்பிய பகுதி இது. 1918இல் திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இந்த மில் ஆட்களோடுதான். 1996இல் மில் மூடியது. ஆண்கள் ஆட்டோ ஓட்டினார்கள், வாட்ச்மேன் வேலைக்குப் போனார்கள். பெண்கள் கீழ்ப்பாக்கம், புரசைவாக்கம் என்று வீட்டு வேலைக்கு நடந்தே போய் வந்தார்கள். வருமானம் விழுந்தது, ஆனாலும் குடும்பங்கள் இங்கேயே இருந்தன.

இப்போது மில் நிலத்தில் அடுக்குமாடிகள். ஓட்டேரி, பட்டாளம் வழியாக மெட்ரோ வேலையும் நடக்கிறது. பெரிய சம்பளக்காரர்கள் வருகிறார்கள், அதில் தப்பில்லை. எனக்கே தையல் கூலி கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் அவர்களால் மட்டும் வாடகை ஏறவில்லை. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வரும் பையன்களுக்கு ஒரே அறையை ஆளுக்கு 2,000 ரூபாய் என்று ஆறு பேருக்கு விடுகிறார்கள். 12,000 வருகிறது. அதே அறைக்கு ஒரு குடும்பம் 6,000க்கு மேல் எப்படித் தரும்? அந்தப் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் மூச்சு முட்டத்தான் படுத்துக்கிடக்கிறார்கள்.

அப்பா அந்தக் காலத்திலேயே வாங்கிப்போட்ட சின்ன வீடு இருப்பதால் நான் இங்கே இருக்கிறேன். எங்கள் தெருவில் சொந்த வீடு இருந்தவர்கள்தான் மிஞ்சியிருக்கிறோம். வாடகைக்கு இருந்தவர்கள் செங்குன்றம், ஆவடி என்று போய்விட்டார்கள். அப்படிப் போன என் சிநேகிதி இன்னமும் இங்கேதான் சமையல் வேலைக்கு வருகிறாள். பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம், சரி. போக வர ஆகும் மூன்று மணி நேரத்தை யார் தருவார்கள்? அவள் பெண் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் ஆளில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் நடந்தது. 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப்போனது. எண்ணினாலும் அதில் வருமானம் கேட்பதில்லை. இங்கிருந்து போன குடும்பங்கள் எத்தனை என்று அதில் எப்படித் தெரியும்?

குடிசை மாற்று வாரியத்தின் (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, ஒதுக்கீடு வைத்திருப்பவருக்குத்தான் பேச்சு. அங்கே உள்வாடகைக்கு இருந்தவரைக் கேட்க ஆளில்லை. அவர்களையும் கணக்கில் எடுத்து, இதே பகுதியில் கட்டுப்படியாகும் வாடகைக்கு ஒற்றை அறை வீடுகள் கட்டித் தர வேண்டும். 2019 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும். எங்கள் பக்கம் எல்லாமே வாய்ப்பேச்சு. வார்டு அலுவலகத்தில் மாதம் ஒருநாள் முகாம் போட்டு இலவசமாகப் பதிந்து கொடுத்தால், திடீரென்று காலி செய்யச் சொல்லும்போது காட்ட ஒரு தாளாவது கையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டாளம், சென்னை - 12