மனநோய் மட்டுமே காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தற்கொலைச் செய்தியில் 'மனநலம் பாதிக்கப்பட்டவர்' என்ற வரி வந்ததும், காரணம் தெரிந்துவிட்டது என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். மனச்சோர்வும் குடிநோயும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது உண்மைதான். ஆனால் மனநோயுடன் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மருந்து சாப்பிட்டு, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள். அவர்களை எல்லோரும் பயத்தோடு பார்க்கும்படி எழுதுவது பெரிய அநியாயம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், தற்கொலைக்கான காரணங்களில் குடும்பப் பிரச்சினைகள் 31.7 சதவீதம், உடல்நோய், மனநோய் எல்லாம் சேர்த்தே 18.4 சதவீதம். காவல்துறை எழுதும் காரணத்தை அப்படியே நம்ப முடியாது, சரி. இருந்தாலும் கடனும் வீட்டு வன்முறையும் தேர்வுத் தோல்வியும் மாத்திரையால் மட்டும் தீர்கிறவை அல்ல. பிளஸ் டூவில் தோற்ற பிள்ளைகள் ஒரு வருடம் காத்திருக்காமல் துணைத் தேர்வு எழுதலாம் என்று வந்ததே, அதுவும் உயிர் காக்கும் ஏற்பாடுதான்.

சிகிச்சை தேவைப்படுவோரைத் தடுப்பது கேலி. சென்னையில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று இன்னமும் சிரிக்கிறார்கள். 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு வெளிநோயாளியாகப் போய், மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

2017 மனநல பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. தங்கள் நாளிதழ் இத்தகைய செய்திகளில் ஒற்றைக் காரணம் எழுதுவதை நிறுத்தி, மத்திய அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய உதவி எண்களை ஒவ்வொரு முறையும் கண்ணில் படும்படி வெளியிட வேண்டும்.

- வாசகர் ஒருவர், பெரம்பூர், சென்னை