வெதுவெதுப்பான பக்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் 20 நிமிடத்தைத் தாண்டினால் கடிகாரத்தைப் பார்க்கிற கூட்டம் நாங்கள், நானும் அதில் ஒருத்திதான். போன வாரம் வாசிக்கப்பட்ட பகுதி வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 3ஆம் அதிகாரம், லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்டது. குளிரும் இல்லாமல் அனலும் இல்லாமல் வெதுவெதுப்பாக இருப்பவர்களை வாந்தி பண்ணிப்போடுவேன் என்கிற கடுமையான வார்த்தை. அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது, பக்கத்திலேயே எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு, அதனால் கேட்டவர்களுக்குச் சுருக்கென்று புரிந்திருக்கும்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் எங்கள் நெல்லைச் சீமையின் கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். மதம் மாறினாரே தவிர, ஆழ்வார் பாசுரங்களில் உள்ள அந்த உருக்கத்தை அவர் விட்டுவிடவில்லை, அப்படியே கிறிஸ்துவின் பாதத்தில் கொண்டுவந்து கொட்டிவிட்டார். அவருடைய பக்திப் பாடல் தொகுப்பான இரட்சணிய மனோகரத்தைப் படித்தால் கண் கலங்காமல் இருக்க முடியாது (என்னால் முடியவில்லை).

உருக்கம் என்றால் ஒலிபெருக்கியை அலறவிடுவது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அந்தச் சத்தம் வேறு! ஆனால் கட்டடத்துக்கும் சபைத் தேர்தலுக்கும் காட்டுகிற வேகத்தில் பாதியாவது ஜெபத்துக்குக் காட்டலாமே. அப்புறம், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிருஷ்ண பிள்ளையின் பாடல் ஒன்றையாவது மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்களேன்.

ஒரு வாசகி,
பாளையங்கோட்டை