டிரைவர் எங்கே படுப்பார்? நீலகிரி விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியில் ஹோட்டல், ரிசார்ட், காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூர் அல்சூரிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தசரா லீவா, கிறிஸ்துமஸ் லீவா, சனி ஞாயிறோடு ஒரு வெள்ளிக்கிழமை ஒட்டிக்கொண்டதா, உடனே ஊட்டிதான். சென்னைக்காரர்கள் ராத்திரி மேட்டுப்பாளையம் ரயிலில் ஏறிப் படுத்தால் காலையில் மலையடிவாரம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. மைசூர் ரோடு சேட்டிலைட் பஸ் நிலையத்திலிருந்து பஸ் உண்டு, நல்ல பஸ்தான். ஆனால் முழங்கால் வலிக்கும் மாமியாரையும், வளைவு வந்தாலே குமட்டும் சின்னவனையும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது கஷ்டம். அதனால் டிரைவரோடு ஒரு வண்டி பேசிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். எங்களைப் போல வருகிறவர்கள் ஏராளம்.

விஷயம் அந்த டிரைவரைப் பற்றியது.

அறை பதிவு செய்யும்போது நான் நிறையக் கேள்வி கேட்கிறவள். வெந்நீர் எத்தனை மணி வரைக்கும், ஹீட்டருக்குத் தனிக் காசா, மாமியாருக்குத் தரைத்தளம் கிடைக்குமா, காலைச் சாப்பாட்டில் இட்லி உண்டா. எல்லாவற்றுக்கும் உங்கள் ஆட்கள் பொறுமையாக, 'ங்க' போட்டுப் பதில் சொல்வார்கள். நீலகிரி, கோவைப் பேச்சே அப்படி, கேட்கச் சுகமாக இருக்கும். கடைசியாக, "டிரைவருக்குத் தங்க இடம் இருக்குங்களா?" என்று கேட்பேன். எதிர்முனையில் கொஞ்சம் மௌனம். அப்புறம், "பார்க்கிங் இருக்குங்க மேடம்."

நான் கேட்டது ஆளுக்கு. பதில் வந்தது வண்டிக்கு. இதே பதிலைப் பல விடுதிகளில் கேட்டுவிட்டேன். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்படி ஒரு கேள்வியே அவர்களுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அந்த டிரைவருடைய ஒரு நாளை உங்களுக்குச் சொல்கிறேன். பந்திப்பூர்க் காட்டுப் பாதையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டி விடுவதில்லை. விலங்குகளுக்காக வந்த தடை, நல்ல தடை, அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் எங்கள் பயணக் கணக்கு முழுவதும் அந்த கேட்டை வைத்துத்தான். கேட் திறக்கிற நேரத்துக்குக் காட்டோரம் போய்ச் சேர்ந்தால் மான் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் யானையும் பார்க்கலாம். அதற்கு பெங்களூரை இருட்டிலேயே விட்டாக வேண்டும். நாங்கள் போர்வையோடு வண்டியில் ஏறித் தூங்கிவிடுவோம். அவர் அதற்கு முன்பே எழுந்து, குளித்து, வண்டியைத் துடைத்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, எங்கள் வாசலில் நிற்பார். சில குடும்பங்கள் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பி பிடதியில் தட்டு இட்லிக்கு நிறுத்தும். அவருக்கு அதுதான் முதல் ஓய்வு. மைசூர், நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை, காடு, தெப்பக்காடு. அங்கிருந்து மசினகுடி வழியாக ஏறினால் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதியை அந்தச் சின்னத் தூரத்திலேயே ஏறியாக வேண்டும். மேலே வந்ததும் அவருக்கு வேலை முடியுமா? இல்லை. படகு இல்லம், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, சேரிங் கிராஸில் வர்க்கி, சாக்லேட். எங்களுக்கு அது சுற்றுலா. அவருக்கு அது பார்க்கிங் தேடுகிற வேலை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து எங்களை உங்கள் வாசலில் இறக்கிவிடும்போது அவர் எழுந்து எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம்தான் உங்கள் பார்க்கிங்.

ஒரு டிசம்பரில் நடந்தது இது. விடுதியின் பெயர் வேண்டாம். எங்கள் தெருக் கோடியில் இருக்கிற, தருமபுரிப் பக்கத்துக்காரர்தான் வண்டி ஓட்டி வந்திருந்தார். மாமியாருக்கு அவர் தம்பி, பிள்ளைகளுக்கு மாமா. சாமான்களை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினவரிடம், "எங்க படுக்கப் போறப்பா?" என்று மாமியார் கேட்டார். "வண்டியிலயே படுத்துக்கிறேம்மா. பழகிடுச்சு."

வரவேற்பறையில் போய்க் கேட்டேன். டிரைவருக்கு அறை கிடையாது. காசு கொடுக்கிறோம், வேறு அறை? எல்லாம் நிரம்பிவிட்டது. சரி, எங்கள் அறையின் முன்கூடத்தில் ஒரு மெத்தை போட்டுக்கொடுங்கள் என்றார் மாமியார். "டிரைவர உள்ள தங்க வெக்கக் கூடாதுங்கம்மா, மத்த கெஸ்ட் ஏதாவது சொல்லுவாங்க." கழிப்பறை? பேருந்து நிலையத்துப் பக்கம் கட்டணக் கழிப்பறை இருக்கிறது என்று கைகாட்டினார்கள். உங்கள் இடத்திலிருந்து இறக்கத்தில் நல்ல தூரம் அது. அந்தக் குளிரில், அந்த நேரத்தில்.

காலையில் தலைக்குந்தாவில் உறைபனி பார்க்கப் போகலாம் என்று சீக்கிரமே இறங்கி வந்தோம். வண்டிக் கண்ணாடி முழுக்க உள்பக்கமாக நீர் பூத்திருந்தது. முன் சீட்டைச் சாய்க்கிற மட்டும் சாய்த்து, ஸ்டியரிங் தடுக்கிறதால் காலை மடக்கி, குரங்குக் குல்லாவோடு மாமியாரின் சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். ஜன்னல் ஒரு விரல் அளவுக்கு இறக்கியிருந்தது, அந்த இடைவெளியில் நியூஸ் பேப்பரை மடித்துச் செருகியிருந்தார். குளிர் வரக் கூடாது, ஆனால் காற்று வர வேண்டும். தோட்டத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு, "போலாமாக்கா?" என்றார்.

அந்த ஒரு விரல் இடைவெளிதான் என் பயம். எல்லா டிரைவரும் அவரைப் போலக் கவனமானவர்கள் இல்லை. குளிர் தாங்காமல் இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய வண்டிக்குள் அது கசிந்தால், தூங்குகிற ஆளுக்குத் தெரியவே தெரியாது. குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் மறுநாள் எழாமல் போன செய்திகளை மலையில் இருக்கிற நீங்கள் என்னைவிட அதிகம் கேட்டிருப்பீர்கள். அதனால்தான் உங்கள் அறைகளில் கரி அடுப்பு வைக்க விடமாட்டீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம், உங்கள் பார்க்கிங்கில், அந்த எச்சரிக்கையைச் சொல்லவும் ஆள் இல்லை.

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. ராத்திரி தங்கவேண்டிய ஊர்களில் போக்குவரத்துத் தொழிலாளிக்கு ஓய்வறை தரவேண்டியது முதலாளியின் பொறுப்பு என்று 1961-லேயே சட்டம் எழுதினார்கள். ஆனால் அந்தச் சட்டம் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களுக்குத்தான் பொருந்தியது. கடன் வாங்கி ஒரே ஒரு இன்னோவா வைத்துக்கொண்டு தானே ஓட்டுகிறவருக்கு யார் முதலாளி? தமிழ்நாட்டில் 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினர்களோடு வரும் ஓட்டுநர்களுக்கு ஹோட்டல்களும் தங்கும் விடுதிகளும் படுக்கையும் கழிப்பறையும் உள்ள ஓய்விடம் தரவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நல்ல விதி. இதைச் சொன்னபோது ஒரு மேனேஜர், "அது புதுசா கட்டுறவங்களுக்குங்க" என்றார். இருக்கலாம். புதிதாகக் கட்டின விடுதியில்தான் குளிர் அடிக்கும் என்று மலையில் ஏதும் ஏற்பாடு இருக்கிறதா என்ன?

இ-பாஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்கிறோம். 2025 கோடையில் வார நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதிக்கு 8,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். மலையும் பாவம், எவ்வளவு வண்டியைத்தான் தாங்கும். பதிவு செய்யும்போது எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கிறார்கள், நாங்களும் உங்கள் விடுதியின் பெயரைப் போடுகிறோம். ஆக, காகிதத்தில் எங்கள் டிரைவரும் உங்கள் விருந்தினர்தான். உங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் அந்த அந்தஸ்து போய்விடுகிறது.

"பேட்டா வாங்குறாங்களே மேடம், அதுல ரூம் எடுத்துக்கலாமே?" என்று கேட்பவர்கள் உங்களிலும் இருக்கிறார்கள், எங்கள் பெங்களூர்க் கூட்டத்திலும் இருக்கிறார்கள். ஒரு நாள் பேட்டா நானூறு, ஐநூறு. சீசனில் அந்தக் காசுக்கு ஊட்டியில் எந்த அறை கிடைக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள், உங்கள் தொழில் அது. தவிர அந்தக் காசில்தான் அவர் மூன்று வேளையும் சாப்பிட வேண்டும். மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனால் அது அவர் சாமர்த்தியம். அதில் கணக்குக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

மைசூர் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகளைப் பாருங்கள். வண்டி வந்து நின்றதும் டிரைவருக்குத்தான் முதல் கவனிப்பு. பல இடங்களில் அவரிடம் காசே வாங்குவதில்லை. தர்மம் ஒன்றும் இல்லை, சுத்தமான வியாபாரம். எந்தக் கடையில் நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் ஊர் சாக்லேட் கடைக்காரர்களுக்கும் தெரியும். அறை மட்டும் நாங்கள் ஆன்லைனில் பிடித்துவிடுவதால் உங்களுக்கு அவர் தேவைப்படவில்லை.

பழைய பங்களாக்களை ரிசார்ட்டாக மாற்றியிருப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கோபம். வெள்ளைக்காரன் ஊட்டியில் வீடு கட்டும்போது குதிரைக்கு லாயமும், குதிரைக்காரனுக்குப் பின்கட்டில் ஒரு அவுட்ஹவுஸும் சேர்த்துத்தான் கட்டினான். அவனை நான் மெச்சவில்லை, அவன் வைத்திருந்த இடைவெளி வேறு கதை. ஆனாலும் அந்த ஆளுக்குக் கூரை இருந்தது. இப்போது அந்த அவுட்ஹவுஸுக்கும் கணப்படுப்பு வைத்து, 'ஹெரிடேஜ்' என்று பெயர் போட்டு, எங்களிடம் வாடகை வாங்குகிறீர்கள். குதிரைக்காரன் இடத்தில் இன்று இருப்பவர் வெளியே.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டில், கனமான கம்பளி இரண்டு, போன் சார்ஜ் போட ஒரு பிளக், நடக்கிற தூரத்தில் கழிப்பறை, காலையில் ஒரு வாளி வெந்நீர். இலவசமாகவும் கேட்கவில்லை. 'டிரைவர் ரூம்' என்று பில்லில் தனி வரி போடுங்கள், நாங்கள் கட்டுகிறோம். ஜெனரேட்டர் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு அதற்கு டார்மிட்டரி என்று போர்டு மாட்டாதீர்கள், அப்படியும் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மனிதன் தூங்குவதற்குத்தானே இடம் கேட்கிறோம். மூன்று அறை காட்டேஜ் வைத்திருக்கிறவருக்கு இது முடியாது, எனக்குப் புரிகிறது. மலையில் ஒரு சுவர் எழுப்ப எத்தனை அனுமதி வாங்க வேண்டும் என்பதும் ஓரளவு தெரியும். ஆனால் ஒரே ரோட்டில் பத்துப் பதினைந்து பேர் விடுதி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் சேர்ந்து பழைய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தால் உங்கள் எல்லோருடைய டிரைவர்களும் அதில் தங்கலாம். புதுக் கட்டடம் வேண்டாம், செங்கல் வேண்டாம். ஒரு பொறுப்பாளும் ஒரு சாவியும் போதும்.

மறுநாள் காலையில் எங்களை இறக்கிக் கொண்டுபோகிறவரும் இதே ஆள்தான். வெளியூர் வண்டியைக் கல்லட்டி வழியாக இறங்க விடமாட்டார்கள், கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். பைக்காரா தாண்டினால் மூடுபனி, எதிரே லாரி, கீழ் கியரிலேயே இறங்க வேண்டிய இறக்கம். உங்கள் விடுதிக்கு ஐந்து நட்சத்திரம் போட்ட குடும்பம் அந்த வண்டிக்குள் இருக்கிறது. ஓட்டுகிறவர் ராத்திரி முழுக்கக் காலை மடக்கிக்கொண்டு நடுங்கினவர். இந்த இடத்தில் எனக்கு மரியாதையாக எழுத வரவில்லை, மன்னியுங்கள்.

கவனிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் எழுதாவிட்டால் நியாயம் இல்லை. குன்னூரில் ஒரு சின்ன ஹோம்ஸ்டேயில், நாங்கள் வாய் திறப்பதற்குள்ளாகவே அந்த வீட்டு அம்மா, "டிரைவர் தம்பிக்கு மேல ரூம் ரெடியா இருக்கு, வெந்நி போட்டிருக்கேன்" என்றார். அவர்களுடைய சொந்தப் பையனின் அறை அது, பையன் வெளியூரில் படிக்கிறானாம். அன்று ராத்திரி எங்கள் ஆள் ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார். இதை அல்சூரில் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மாவுக்கு விளம்பரச் செலவு ஒரு வாளி வெந்நீர்.

அடுத்த தசராவுக்கு எங்கள் தெருவிலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்து வருவதாகப் பேச்சு, இரண்டு டெம்போ டிராவலர் தேவைப்படும். அறை விசாரிக்கிற பொறுப்பு என் தலையில். இந்த முறை வெந்நீரையும் இட்லியையும் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன். முதல் கேள்வி டிரைவருக்குப் படுக்க எங்கே இடம் என்பதுதான். இருக்கிறது என்பவர்கள் அறையின் போட்டோவோடு ஒரு டிரைவருக்கு வாடகை எவ்வளவு என்பதையும் அனுப்புங்கள். பார்க்கிங் போட்டோ வேண்டாம்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு குடும்பத்தலைவி