எம்மெட் டில் பாடம் வேண்டாம் என்று கையெழுத்திட்ட பெற்றோருக்கு

வணக்கம்.

போன வாரம் நம் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய மனுவை நானும் படித்தேன். இங்கே அமெரிக்காவில் எட்டாம் வகுப்பில், 1955இல் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் கொல்லப்பட்டதைச் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்கிறீர்கள். என் மகளும் அதே வகுப்புதான். உங்கள் கவலை புரிகிறது.

ஆனால் எம்மெட்டை விட்டுவிட்டு ரோசா பார்க்ஸை எப்படிச் சொல்வது? சிகாகோவிலிருந்து லீவுக்கு மிசிசிப்பியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போன 14 வயதுப் பையன். மளிகைக் கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் தப்பாக நடந்துகொண்டான் என்று சொல்லி, 1955 ஆகஸ்ட் 28 அன்று விடியும் முன்பே படுக்கையிலிருந்து எழுப்பி இழுத்துப் போனார்கள். மூன்று நாள் கழித்து டல்லஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. கழுத்தில் முள்கம்பியால் பருத்தி ஜின்னிங் ஆலை ஒன்றின் கனத்த விசிறியைக் கட்டியிருந்தார்கள். அங்கேயே அவசரமாகப் புதைத்துவிடப் பார்த்தார்கள். அம்மா மேமி விடவில்லை. உடலைச் சிகாகோவுக்கு வரவழைத்து, சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்பினருக்கான ஜெட் பத்திரிகை அந்த உடலின் படத்தைப் போட்டது. நாம் மறைக்கப் பார்ப்பதைப் பெற்ற தாயே ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்.

வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பேசிக் கொலையாளிகளை விடுதலை செய்தது. சில மாதத்தில் அவர்களே பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் உண்மையைச் சொன்னார்கள்.

அந்த நவம்பர் 27 அன்று அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் ஒரு தேவாலயத்தில் இந்த வழக்கைப் பற்றிய பேச்சைக் கேட்டவர்களில் ரோசா பார்க்ஸும் ஒருவர். நான்கே நாளில் பஸ்ஸில் எழ மறுத்தார். கால் வலித்து உட்கார்ந்த பாட்டி என்று சிலர் கதை சொல்வார்கள். அவருக்கு அப்போது வயது 42. 1943இலேயே கறுப்பினர் உரிமைக்குப் போராடும் என்ஏஏசிபி சங்கத்தின் கிளைச் செயலாளரானவர். கறுப்பினப் பெண்கள் மீதான வன்கொடுமைகளை ஊர் ஊராகப் போய் விசாரித்தவர்.

அப்புறம், நாம் எப்படி இங்கே வந்தோம்? 1965 வரை இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 குடியேற்ற இடங்கள்தான். கறுப்பினரின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் வந்த அதே ஆண்டில், அதே உரிமைப் போராட்ட அலையில்தான் அந்த ஒதுக்கீட்டு முறைக்கும் முடிவு கட்டினார்கள்.

எம்மெட்டின் உடலைக் காட்டும் அந்தப் படத்தை வகுப்பில் காட்டலாமா என்று ஆசிரியரிடம் பேசுவோம், சரி. பாடத்தை நீக்கச் சொல்லும் மனுவை மட்டும் திரும்பப் பெறுங்கள்.

நேற்று மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். எம்மெட்டுக்குத் தாத்தா முறையான மோஸ் ரைட், நீதிமன்றத்தில் எழுந்து நின்று கொலையாளியைக் கை நீட்டிக் காட்டியதையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்புறம் அந்தத் தாத்தாவை ஊர்ல இருக்க விட்டாங்களா?"

இல்லை, மிசிசிப்பியை விட்டே போகவேண்டி வந்தது என்றேன்.